குத்தகையாளரும் குடைக் காப்புறுதியும்



கட்டடக் குத்தகையாளர்களின் காப்புறுதியைப் பற்றித் தோட்டப்புற மக்களிடம் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். பால்வெட்டுக்கும் செம்பனைக் குலைக்கும் கட்டட வேலைக்கும் என்ன தொடர்பு? தொடர்பு இருக்கிறது. ஒன்றல்ல, மூன்று இருக்கிறது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும், வீடமைப்புக்காக விற்கப்பட்டும் போன பிறகு, நம் குடும்பங்களைச் சேர்ந்த எத்தனையோ இளைஞர்கள் பட்டணத்துக் கட்டுமான வேலைக்குப் போனார்கள். இன்றும் போகிறார்கள். அவர்களுள் சிலர் பல ஆண்டு கைவேலை பழகிய பின், ஒரு லோரியும் நாலைந்து ஆட்களும் வைத்துக்கொண்டு தாங்களே சிறு குத்தகையாளர்கள் ஆகிவிட்டார்கள். இன்னும் சில குடும்பங்கள் சேமநிதிப் பணத்தைப் போட்டுச் சொந்த வீடு வாங்கி, சமையற்கட்டைப் பின்னால் நீட்டிக் கட்ட ஒரு குத்தகையாளரைத் தேடுகின்றன. ஆகவே தொழிலாளி, குத்தகையாளர், வீட்டுக்காரர் என்னும் மூன்று நிலையிலும் நம்மவர்கள் இருக்கிறார்கள். மூவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி இது.

முதலில் பொறுப்பு என்றால் என்ன என்பதைப் பார்ப்போம். ஒருவர் தம் வேலையைச் செய்யும்போது கவனக்குறைவால் பிறருக்குக் காயமோ, உயிர்ச்சேதமோ, பொருட்சேதமோ உண்டாக்கினால், அதற்கு அவர் ஈடு கட்ட வேண்டும் என்பது சட்டம். அவர் கையால் நேர்ந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. அவரிடம் வேலை செய்யும் ஆள், வேலை நேரத்தில், அந்த வேலையின் போக்கில் செய்த தவறுக்கும் அவரே பொறுப்பாளி. சாரம் கட்டியவர் கயிற்றைச் சரியாக முடியவில்லை. பலகை சரிந்து கீழே போனவர் தலையில் விழுந்தது. அப்போது கேள்வி சாரம் கட்டியவரோடு நின்றுவிடாது. அவரை வேலைக்கு வைத்தவரிடம் வந்து சேரும்.

மற்றத் தொழில்களைவிடக் கட்டடத் தொழிலில் இந்த ஆபத்து அதிகம். உயரத்தில் வேலை நடக்கிறது. கீழே மக்கள் நடமாடுகிறார்கள். பக்கத்து நிலத்தில் பைலிங் அடித்தால் அடுத்த வீட்டுச் சுவர் வெடிக்கிறது. மண்ணைத் தோண்டினால் மேட்டுப் பக்கம் சரிகிறது. ஆயிரம் வெள்ளி இலாபம் வரும் வேலையில் பல இலட்சம் வெள்ளி நஷ்டத்தை உண்டாக்கிவிட முடியும். இலாபத்திற்கு ஓர் அளவு உண்டு. பொறுப்புக்கு அப்படி ஓர் அளவு கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொண்டால் மேற்கொண்டு சொல்லப்போவது எளிதில் விளங்கும்.

ஒழுங்காகத் தொழில் செய்யும் குத்தகையாளர் ஒருவரிடம் சாதாரணமாக என்னென்ன காப்புறுதிகள் இருக்கும்?

ஒன்று, கட்டிக்கொண்டிருக்கும் வேலைக்கான காப்புறுதி. குத்தகையாளரின் அனைத்து இடர்க் காப்புறுதி என்று இதற்குப் பெயர். இதில் இரண்டு பகுதிகள் உண்டு. முதற்பகுதி, கட்டி முடியாத கட்டடத்திற்குத் தீயாலோ வெள்ளத்தாலோ சரிவாலோ ஏற்படும் சேதத்திற்கு. இரண்டாம் பகுதி, அந்த வேலையால் வெளியாருக்கு நேரும் காயத்திற்கும் சேதத்திற்கும்.

இரண்டு, பொதுப் பொறுப்புக் காப்புறுதி. வழிப்போக்கர், அண்டை வீட்டார், கடைக்காரர் போன்ற வெளியாருக்கு அவருடைய தொழிலால் நேரும் தீங்குக்கானது இது.

மூன்று, லோரிக்கும் வேனுக்குமான மோட்டார் காப்புறுதி. சாலையில் ஓடும் வாகனத்தால் நேரும் விபத்தை மற்றப் பத்திரங்கள் பொதுவாக ஏற்றுக்கொள்வதில்லை. ஆகவே இது தனியாகவே இருந்தாக வேண்டும். சட்டமும் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

நான்கு, தொழிலாளர்களுக்கான சொக்சோ. இதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

பொறுப்புக்கான பத்திரம் ஒவ்வொன்றிலும் ஒரு தொகை எழுதியிருக்கும். ஒரு விபத்துக்கு இவ்வளவுக்கு மேல் தரமாட்டோம் என்னும் உச்சவரம்பு அது. விபத்துக்கு அந்த வரம்பு தெரியாது. அங்கேதான் குடைக் காப்புறுதி வருகிறது. காப்புறுதிக்காரர்கள் ஆங்கிலத்தில் 'அம்பிரெல்லா' என்று சொல்வதைத்தான் நாம் குடை என்கிறோம். சிறு சிறு காப்புறுதிகளுக்கெல்லாம் மேலே பெரிய குடை ஒன்றை விரித்துப் பிடிப்பது போன்றது அது. அடியில் உள்ள பத்திரத்தின் தொகை தீர்ந்த பிறகு, மீதியை இது கொடுக்கும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கதைக்காகச் சொல்லும் கணக்குத்தான். பட்டணத்தில் ஒரு கடை வரிசைக்கு மாடி எழுப்பும் குத்தகையாளர் ஒருவர். அவருடைய பொதுப் பொறுப்புக் காப்புறுதி 500,000 வெள்ளிக்கு. அதற்கு மேல் 1,000,000 வெள்ளிக்கு ஒரு குடைக் காப்புறுதியும் வைத்திருக்கிறார். ஒரு நாள் சாரம் சரிந்து ஐந்தடி நடைபாதையில் விழுகிறது. ஓர் இளைஞருக்கு முதுகெலும்பில் காயம். ஓர் அம்மாவுக்குக் கால் முறிவு. கடை முகப்பும் ஒரு காரும் நொறுங்குகின்றன. இளைஞருக்கு 450,000, அம்மாவுக்கு 180,000, பொருட்சேதத்திற்கு 150,000, ஆக மொத்தம் 780,000 வெள்ளி கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பாகிறது. முதற்பத்திரம் 500,000 வெள்ளியைக் கொடுத்துவிட்டு நின்றுகொள்ளும். மீதி 280,000 வெள்ளியைக் குடைக் காப்புறுதி கொடுக்கும்.

குடை இல்லாவிட்டால் என்ன ஆகும்? அந்த 280,000 வெள்ளிக்கும் குத்தகையாளரின் வீடு, நிலம், லோரி, சேமிப்பு எல்லாம் பதில் சொல்ல வேண்டும். அவற்றை விற்றும் போதாவிட்டால் அவர் திவாலாகலாம். அதோடு போயிற்றா? காயம் பட்ட இளைஞரின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். தீர்ப்பு அவர் கையில் இருக்கிறது, பணம் இல்லை. இல்லாதவனிடம் வாங்கிய தீர்ப்பு வெறுங்காகிதம். "தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன" என்று பழமொழி சொல்லுவோம். காப்புறுதியில் அந்தப் பழமொழி செல்லாது. முதற்பத்திரத்திற்கு மேல் போன வெள்ளம் சாணா முழமா என்பதைப் பொறுத்துத்தான் இரண்டு குடும்பங்களின் வாழ்வு இருக்கிறது. ஒன்று குத்தகையாளரின் குடும்பம். மற்றது அடிபட்டவரின் குடும்பம்.

இது வெறும் கற்பனை அச்சம் அல்ல. கோலாலம்பூரை அடுத்த உலு கிள்ளானில் 1993ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சாய்ந்து விழுந்ததும், 48 பேர் மாண்டதும் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். பின்புறக் குன்று சரிந்ததே காரணம். நீர் வடிகால் சரியாக இல்லை; தடுப்புச் சுவர்களும் சரியாக இல்லை. விழாமல் நின்ற மற்ற இரண்டு கட்டடங்களில் குடியிருந்தவர்களும் வீட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அவர்கள் தொடுத்த வழக்கில் உயர்நீதிமன்றத் தீர்ப்பு 2000ஆம் ஆண்டில்தான் வந்தது. மேம்பாட்டாளர், கட்டட வரைஞர், பொறியாளர், அண்டை நிலத்துக்காரர் என்று பலர் மீதும் பொறுப்பு பங்கு பங்காக விழுந்தது. ஊராட்சி மன்றத்தின் பொறுப்பைப் பற்றிய வாதம் கூட்டரசு நீதிமன்றம் வரை சென்று 2006ஆம் ஆண்டில் முடிந்தது.

இந்த வழக்கிலிருந்து இரண்டு பாடங்கள் கற்றுக்கொள்ளலாம். முதலாவது, பெரிய சேதம் என்பது ஒரு தனி மனிதரின் கையிருப்பால் ஈடு கட்டக்கூடியது அன்று. இரண்டாவது, அந்தக் கட்டடங்கள் கட்டி முடிந்து பத்தாண்டுக்கு மேல் கழிந்த பிறகே அந்தத் துயரம் நேர்ந்தது. வேலைக்காக எடுத்த அனைத்து இடர்க் காப்புறுதியோ, கட்டடத்தை ஒப்படைத்து, அதன் பின் குறித்த பராமரிப்புக் காலமும் கழிந்தால் முடிந்துவிடும். ஆகவே காப்புறுதி எடுக்கும் குத்தகையாளர், "நான் முடித்துக் கொடுத்துவிட்டு வந்த வேலையால் பிறகு தீங்கு நேர்ந்தால் இந்தப் பத்திரம் ஏற்குமா?" என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம். தீபகற்ப மலேசியாவில், 1953ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டப்படி, கவனக்குறைவால் காயம் பட்டவர் வழக்குப் போடப் பொதுவாக 6 ஆண்டுகள் இருக்கின்றன. ஆகையால் காலாவதியான பத்திரம் என்று எதையும் அடுப்பில் போட்டுவிடக் கூடாது. விபத்து நடந்த நாளில் எந்தப் பத்திரம் நடப்பில் இருந்ததோ, பெரும்பாலும் அதுவே பதில் சொல்ல வேண்டியதாக இருக்கும்.

குடை என்ற பெயரைக் கேட்டதும், எல்லா மழைக்கும் அது தாங்கும் என்று நம்பிவிடக் கூடாது. அதிலும் சில ஓட்டைகள் உண்டு.

முதலாவது, குடைக்கும் முதற்பத்திரத்திற்கும் நடுவே விழும் இடைவெளி. நாம் சொன்ன குத்தகையாளரையே எடுத்துக்கொள்வோம். அடுத்த ஆண்டு சந்தாவை மிச்சம் பிடிப்பதற்காக, முதற்பத்திரத்தின் தொகையை 500,000 வெள்ளியிலிருந்து 300,000 வெள்ளிக்கு இறக்கிவிடுகிறார். குடைப் பத்திரத்தில், "500,000 வெள்ளிக்கு மேற்பட்டதையே தருவோம்" என்று எழுதியிருக்கிறது. அதே 780,000 வெள்ளி விபத்து மறுபடியும் நேர்ந்தால், முதற்பத்திரம் 300,000 கொடுக்கும். குடை 280,000 கொடுக்கும். நடுவில் உள்ள 200,000 வெள்ளி குத்தகையாளர் தலையில் விழும். குடை தொடங்கும் இடத்தைக் குடைப் பத்திரமே குறித்து வைத்திருக்கிறது. அடியில் உள்ளது குறைந்துவிட்டதே என்பதற்காக அது கீழே இறங்கி வராது. சந்தா கட்டாமல் முதற்பத்திரம் செத்துப்போனாலும் இதே கதிதான்.

ஆனால் ஒன்று. அதே ஆண்டில் முன்பு நடந்த விபத்துகளுக்கு முறையாகப் பணம் கொடுத்து, அதனால் முதற்பத்திரத்தின் தொகை தீர்ந்துபோயிருந்தால், குடை கீழே இறங்கிவந்து அந்த இடத்தை நிரப்பும் ஏற்பாடு பல பத்திரங்களில் உண்டு. உங்கள் பத்திரத்தில் அது உண்டா என்பதை வாங்கும்போதே கேட்க வேண்டும்.

இரண்டாவது, குடை என்ற பெயரில் வருவனவெல்லாம் ஒன்று போன்றவை அல்ல. சில பத்திரங்கள் முதற்பத்திரம் ஏற்பதை மட்டுமே, அதே நிபந்தனைகளோடு, கூடுதல் தொகைக்கு ஏற்கும். வேறு சில, முதற்பத்திரம் ஏற்காத சிலவற்றையும் ஏற்கும். ஆனால் அப்போது முதலில் ஒரு தொகையைக் குத்தகையாளர் தம் கையிலிருந்து போட வேண்டும். பின்னால் சொன்னதுதான் முழுக் குடை. முன்னால் சொன்னது உயரத்தைக் கூட்டுமே தவிர, அகலத்தைக் கூட்டாது.

மூன்றாவது, எந்தக் குடையும் ஏற்காத சில உண்டு. மோசமாகக் கட்டிய சுவரை இடித்துத் திரும்பக் கட்டும் செலவு, பொறுப்புக் காப்புறுதியில் பொதுவாகச் சேராது. அந்தச் சுவர் விழுந்து பிறருக்கு நேர்ந்த சேதமே சேரும். வேலையைக் குறித்த நாளில் முடிக்காததற்காகப் பிடிக்கும் பணமும் சேராது. வேண்டுமென்றே செய்ததும் சேராது. நீதிமன்றம் விதிக்கும் அபராதமும் சேராது. வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தில் செய்த திருத்தம் 2024ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள் நடப்புக்கு வந்தது. அதன்படி முதலாளிக்கு விதிக்கக்கூடிய அபராதம் 500,000 வெள்ளி வரை உயர்ந்திருக்கிறது. அதைக் குத்தகையாளர் தம் பணத்திலிருந்துதான் கட்ட வேண்டும். பைலிங் அதிர்வால் அண்டைக் கட்டடம் வெடிப்பதையும், தோண்டியதால் அதன் தாங்குமண் பலவீனமாவதையும் பல பத்திரங்கள் தனியாகக் கேட்டுச் சேர்த்தால்தான் ஏற்கும். அப்படிப்பட்ட வேலை செய்பவர் அதைக் கேட்டுச் சேர்க்காமல் விடுவது, கூரை போடாமல் குடி போவதற்கு ஒப்பாகும்.

நான்காவது ஓட்டையைக் குத்தகையாளரே போட்டுக்கொள்கிறார். காப்புறுதி எடுக்கும்போது, "வீடு பழுது பார்க்கும் வேலை" என்று எழுதிவிட்டு, மூன்று மாடிக்குச் சாரம் கட்டினால், நிறுவனம் பணம் தர மறுக்க இடமுண்டு. தொழிலுக்காக எடுக்கும் காப்புறுதியில், இடரைக் கணிக்கத் தேவையான செய்திகளைத் தாமாகவே வெளிப்படுத்த வேண்டிய கடமை எடுப்பவருக்கு இருக்கிறது. அதேபோல், விபத்து நடந்தால் முதற்பத்திர நிறுவனத்திற்கு மட்டுமன்றி, குடைப் பத்திர நிறுவனத்திற்கும் உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சிறிய விபத்துத்தானே என்று விட்டது ஓராண்டு கழித்துப் பெரிய வழக்காக வரும். அடிபட்டவருக்கு வேண்டிய முதலுதவியையும் மருத்துவமனை ஏற்பாட்டையும் தயங்காமல் செய்யுங்கள். அது மனிதக் கடமை. ஆனால், "இவ்வளவு தருகிறேன்" என்று காப்புறுதி நிறுவனத்தைக் கேளாமல் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

இனித் தொழிலாளியின் பக்கம் வருவோம். இங்கேதான் பெரிய குழப்பம் இருக்கிறது. "எங்கள் முதலாளி பெரிய காப்புறுதி எடுத்திருக்கிறார். எனக்கு ஏதாவது ஆனால் அதிலிருந்து கிடைக்கும்" என்று பல தொழிலாளர்கள் நம்புகிறார்கள். பொதுப் பொறுப்புக் காப்புறுதி வெளியாருக்கு உரியது. குத்தகையாளரின் சொந்த ஆட்களை அது பெரும்பாலும் விலக்கியே வைத்திருக்கும். தொழிலாளிக்கு உரிய கவசம் 1969ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம். அதாவது நாம் சொக்சோ என்று சொல்வது. வேலையிடத்தில் விபத்து நேர்ந்தால் மருத்துவச் செலவு, வேலை செய்ய முடியாத நாட்களுக்குச் சராசரி நாட்சம்பளத்தில் 80 விழுக்காடு, நிரந்தர ஊனத்திற்கு உதவி, இறந்தால் குடும்பத்தைச் சார்ந்தவர்களுக்கு மாதாமாதம் உதவி என்று அதில் கிடைக்கிறது. வேலைக்குப் போகும் வழியிலும் வரும் வழியிலும் நேரும் விபத்தும் அதில் சேரும். விபத்து நடந்த 48 மணி நேரத்திற்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். சொக்சோவுக்கு உட்பட்ட தொழிலாளி, அந்த விபத்துக்காகத் தம் முதலாளி மீது தனியாக நஷ்ட ஈட்டு வழக்குப் போட அச்சட்டத்தின் 31ஆம் பிரிவு பொதுவாக இடம் தருவதில்லை. ஆகவே சம்பளச் சீட்டில் சொக்சோ பிடித்தம் இருக்கிறதா என்று பார்ப்பது சிறு விஷயம் அல்ல. "பிடித்தம் இல்லாமல் முழுச் சம்பளமும் கையில் தருகிறேன்" என்று ஒரு குத்தகையாளர் ஆசை காட்டினால், அவர் நம் பிள்ளையின் குடையைப் பிடுங்கி நமக்கே விற்கிறார் என்று பொருள்.

பினாங்கு தஞ்சோங் பூங்காவில் 2017ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் ஒரு கட்டுமானத் தளத்தில் மண் சரிந்து 11 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அந்நாளில் அவர்கள் சொக்சோவில் சேர்க்கப்படவில்லை. 1952ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமே அவர்களுக்கு இருந்தது. 2019ஆம் ஆண்டு ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் சொக்சோவின் கீழ் வந்திருக்கிறார்கள். நம் பிள்ளைகளோடு ஒரே சாரத்தில் நிற்பவர்கள் அவர்கள். அவர்களுக்கும் இந்த உரிமை உண்டு என்பதை நாம் எடுத்துச் சொல்லலாம். ஆட்கள் இல்லாமல் தனியாகவே வேலை எடுத்துச் செய்பவருக்கும் வழி இருக்கிறது. சுயதொழில் செய்வோருக்கான 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அவர் சொக்சோவில் தம்மைப் பதிந்துகொள்ளலாம்.

கடைசியாக, வீடு கட்டுவோருக்குச் சில வார்த்தைகள். வேலையைக் கொடுப்பதற்கு முன்னால் விலையை மட்டும் கேட்காதீர்கள். 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில், அதாவது சி.ஐ.டி.பி.யில், குத்தகையாளர் பதிந்திருக்கிறாரா என்று கேளுங்கள். காப்புறுதிப் பத்திரத்தைக் காட்டச் சொல்லி நான்கு விஷயங்களைப் பாருங்கள். பத்திரத்தில் இருப்பது அவர் பெயர்தானா? நம் வேலை முடியும் நாள் வரை அது நடப்பில் இருக்குமா? நாம் கொடுக்கும் வேலை அதில் குறித்த வேலைக்குள் அடங்குமா? ஒரு விபத்துக்கு எவ்வளவு தொகை? அரசாங்கப் பொதுப் பணித்துறை தன் குத்தகை ஒப்பந்தத்திலேயே, பிறர் காயத்திற்கும் சொத்துச் சேதத்திற்கும் குத்தகையாளர் காப்புறுதி எடுக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. அரசாங்கமே கேட்பதை நாம் கேட்பதில் வெட்கம் என்ன? உறவுக்காரர், ஒரே தோட்டத்துக்காரர் என்றாலும் கேட்கலாம். பின்னால் மனக்கசப்பு வராமல் உறவைக் காப்பதும் அந்தப் பத்திரம்தான்.

சிறு குத்தகையாளர் எல்லாரும் நாளைக்கே குடைக் காப்புறுதி எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சமையற்கட்டு நீட்டுபவருக்கு நல்ல முதற்பத்திரமே போதுமானதாக இருக்கலாம். ஆனால் மாடி எழுப்புகிறவர், சாலையோரம் சாரம் கட்டுகிறவர், குன்றோரம் மண் தோண்டுகிறவர், பெரிய குத்தகையாளரிடம் உள்குத்தகை எடுக்கிறவர் ஆகியோர், முதற்பத்திரத்தின் தொகை போதுமா என்று உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும். முதலில் சொக்சோ, பிறகு பொதுப் பொறுப்பும் மோட்டாரும், அவை சரியாக இருந்தால் அவற்றின் மேல் குடை. இந்த வரிசை மாறக் கூடாது. கம்பி இல்லாத குடையை எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அது விரியாது.

குடை இருக்கிறது என்பதற்காக யாரும் மழையில் போய் விழுவதில்லை. அதுபோலக் காப்புறுதி இருக்கிறது என்பதற்காகச் சாரத்தின் கயிற்றை இளக்கமாக முடியலாகாது. பணம் முறிந்த காலுக்கு மருந்து வாங்கித் தரும். போன உயிரைத் திரும்பத் தராது. கவனம் முதற்காவல், காப்புறுதி அடுத்த காவல் என்று எண்ணித் தொழில் செய்வோமாக.

நேயர்களே, உங்கள் வீட்டில் கட்டுமான வேலைக்குப் போகும் பிள்ளை இருந்தால், இன்று மாலை அவர் சம்பளச் சீட்டை ஒருமுறை வாங்கிப் பாருங்கள்.